ஓஎஃப்டிஎம் சிக்னலின் உச்சங்களை அடக்குவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வைஃபை, 4ஜி, 5ஜி, பல நாடுகளின் தரைவழி டிஜிட்டல் டிவி ஒளிபரப்பு எல்லாமே ஓஎஃப்டிஎம் என்ற முறையைத்தான் நம்பியிருக்கின்றன. அகலமான ஓர் அலைவரிசைப் பட்டையைப் பல நூறு, சில இடங்களில் பல்லாயிரம் சப்கேரியர்களாக (சிறு துணை அலைகளாக) பிரித்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பிட்டுகளை ஏற்றி அனுப்புகிறோம். எதிரொலி நிறைந்த சேனலைச் சமாளிக்க அருமையான வழி. ஆனால் கூடவே ஒரு தொல்லையும் வருகிறது. இத்தனை அலைகளும் கூடும்போது, எப்போதாவது ஒரு கணத்தில் பல அலைகள் ஒரே திசையில் சேர்ந்து, சிக்னல் சராசரியைவிடப் பல மடங்கு எகிறிவிடுகிறது. அந்த உச்சப் பவருக்கும் சராசரிப் பவருக்கும் உள்ள விகிதத்தைத்தான் பிஏபிஆர் என்கிறோம்.

இதைக் குறைக்கும் முறைகள் ஏராளம். புதிதாக வருபவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்தே திணறிப்போகிறார்கள். என் கருத்து இதுதான்: முதலில் சரியாக அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அடுத்து எளிமையான முறை ஒன்றை முழுமையாகச் செய்து பாருங்கள், மற்றவை அதற்குப் பிறகு. கலப்பெண்களும் எஃப்எஃப்டியும் ஓரளவு தெரிந்தால் போதும். பைத்தானில் நம்பை (NumPy), அல்லது ஆக்டேவ், எது கைக்குப் பழக்கமோ அதைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

எட்டே எட்டு சப்கேரியரில் தொடங்குவோம்

எட்டு சப்கேரியர்களிலும் +1 போடுங்கள். 8 புள்ளி ஐஎஃப்எஃப்டி (எஃப்எஃப்டியின் தலைகீழ்) எடுங்கள், 8-ஆல் வகுக்காமல். முதல் சாம்பிள் 8, மற்ற ஏழும் 0 என்று வரும். முதல் சாம்பிளின் பவர் 64. அதை எட்டு சாம்பிளுக்கும் பங்கிட்டால் சராசரி 8. ஆக உச்சம் சராசரியைப் போல் 8 மடங்கு, அதாவது 9 டெசிபெல். மொத்தச் சக்தியும் ஒரே கணத்தில் குவிந்துவிட்டது.

இப்போது நான்காவதையும் ஏழாவதையும் மட்டும் −1 ஆக்குங்கள். வரிசை இப்படி ஆகும்: + + + − + + − +. சராசரிப் பவர் அதே 8-தான். ஆனால் எந்தக் கணத்திலும், இரண்டு சாம்பிள்களுக்கு இடையில்கூட, பவர் 16-ஐத் தாண்டாது. உச்சம் 2 மடங்கு, 3 டெசிபெல். இரண்டே இரண்டு குறிகளை மாற்றியதில் 6 டெசிபெல் இறங்கிவிட்டது. இது மார்செல் கோலே 1961-ல் விவரித்த நிரப்பு வரிசைகளில் ஒன்று. அந்த வகை வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் உச்சம் 2 மடங்குக்குள்தான் நிற்கும்.

அப்படியானால் எப்போதும் இப்படிப்பட்ட வரிசைகளையே அனுப்பலாமே என்று தோன்றும். அனுப்பலாம், ஆனால் என்ன பிட்டுகள் வரும் என்பது நம் கையில் இல்லை. சப்கேரியர் எண்ணிக்கை கூடக்கூட, சாத்தியமான எல்லா வரிசைகளிலும் இந்த நல்ல வரிசைகளின் பங்கு ஒன்றுமில்லை என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அவற்றை மட்டும் அனுமதித்தால் தரவு வேகம் படுத்துவிடும். ஆனாலும் இந்தச் சின்னக் கணக்கில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: உச்சத்தைத் தீர்மானிப்பது சப்கேரியர்களின் பவர் இல்லை, அவற்றுக்கு இடையிலான கட்டக் கோணங்கள். பின்னால் வரும் பாதி முறைகள் இதை வைத்துத்தான் நடக்கின்றன.

உச்சம் ஏன் இவ்வளவு செலவு வைக்கிறது

சிக்னல் ஆன்டெனாவுக்குப் போகும் முன் பவர் ஆம்ப்ளிஃபையர் வழியாகப் போகிறது. எந்த ஆம்ப்ளிஃபையருக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அதை நெருங்க நெருங்க வெளியீடு வளையும், சிக்னல் சிதையும், சிதைவில் ஒரு பகுதி பக்கத்துச் சேனலுக்குள் சிந்தும். இதைத் தவிர்க்க, சராசரிப் பவரை உச்சவரம்புக்கு நன்றாகக் கீழே இறக்கி வைப்பார்கள். இதற்குப் பெயர் பேக்-ஆஃப்.

அந்த இறக்கத்துக்கு நாம் கொடுப்பது மின்சாரம். கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபையரின் அதிகபட்சத் திறன் கோட்பாட்டளவில் 50 சதவீதம், அதுவும் முழு வீச்சில் ஓடும்போது. 10 டெசிபெல் இறக்கினால் 5 சதவீதம் ஆகிவிடும். 1 வாட் அனுப்ப 20 வாட் வேண்டும், மீதி 19 வாட்டும் வெப்பம். உச்சத்தை அடக்கி 7 டெசிபெல் இறக்கமே போதும் என்று ஆக்கினால் திறன் சுமார் 10 சதவீதம், தேவைப்படுவது 10 வாட். மூன்றே டெசிபெல்லில் மின்செலவு பாதியாகிறது. கிளாஸ் பி-யின் உச்சத் திறன் 78.5 சதவீதம். அங்கே சரிவு கொஞ்சம் மெதுவாக நடக்கும், 10 டெசிபெல் இறக்கத்தில் 25 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.

எனவே நம் வேலை பிஏபிஆர் என்ற எண்ணைக் குறைப்பதோடு முடிவதில்லை. ஆம்ப்ளிஃபையரை எவ்வளவு கூடுதலாக ஓட்ட முடிகிறது என்பதுதான் கணக்கு.

முதல் வேலை: சரியாக அளப்பது

64 சப்கேரியர்கள், ஒவ்வொன்றிலும் தற்செயலாகத் தேர்ந்த க்யூபிஎஸ்கே புள்ளி (ஒரே வீச்சு, நான்கு கோணங்களில் ஒன்று). இதை 64 புள்ளி ஐஎஃப்எஃப்டி போட்டு உச்சத்தைத் தேடாதீர்கள். உண்மையான உச்சம் பெரும்பாலும் இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். 4 மடங்கு ஓவர்சாம்பிளிங் செய்யுங்கள், அதாவது சாம்பிள்களை நான்கு மடங்கு நெருக்கமாக எடுங்கள்: 256 புள்ளி ஐஎஃப்எஃப்டி, அதற்கான உள்ளீட்டில் முதல் 32 மதிப்புகள், நடுவில் 192 பூஜ்யங்கள், கடைசியில் மீதி 32 மதிப்புகள். பூஜ்யங்களை நடுவில்தான் வைக்க வேண்டும். கடைசியில் ஒட்டினால் ஸ்பெக்ட்ரம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பிறகு ஃபில்டர் போடும்போது குழப்பம் வரும்.

256 சாம்பிள்களின் பவரைக் கணக்கிட்டு, அதில் பெரியதைச் சராசரியால் வகுங்கள். இது ஒரு சிம்பலுக்கான, அதாவது ஒரு ஐஎஃப்எஃப்டியில் உருவாகும் சிக்னல் துண்டுக்கான, பிஏபிஆர். அடுத்து இதையே ஒரு லட்சம் சிம்பல்களுக்குச் செய்யுங்கள். 64 அலைகளும் முழுக்க ஒன்றுசேர்ந்தால் உச்சம் 64 மடங்கு, 18 டெசிபெல் வரை போகலாம். அப்படி ஒன்று உங்கள் ஓட்டத்தில் வரவே வராது. அதனால் மோசமான நிலையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. ‘இந்த அளவைத் தாண்டும் சிம்பல்கள் எத்தனை சதவீதம்’ என்ற வளைவுதான் இந்தத் துறையின் பொதுமொழி. கிடை அச்சில் டெசிபெல், நிலை அச்சில் நிகழ்தகவு, நிலை அச்சு மடக்கை அளவில். ஆயிரத்தில் ஒன்று என்ற கோட்டில் வளைவு எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். ஒரு லட்சம் ஏன் என்றால், அந்தக் கோட்டில் நூறு நிகழ்வுகளாவது கையில் இருக்க வேண்டும். பத்தாயிரத்தில் ஒன்று வரை பார்க்க ஆசைப்பட்டால் பத்து லட்சம் ஓட்டுங்கள்.

உங்கள் நிரல் சரியா என்று எப்படித் தெரியும்? சப்கேரியர்கள் பல ஆனதால் சாம்பிள்கள் கிட்டத்தட்ட காஸியன் (மணி வடிவ) பரவலைப் பின்பற்றும். ஒரு சாம்பிளின் பவர் சராசரியைப் போல் 10 மடங்கைத் தாண்டும் வாய்ப்பு லட்சத்தில் சுமார் 4.5. ஒரு சிம்பலில் 64 சாம்பிள் என்றால், ஆயிரத்தில் 3 சிம்பல்கள் 10 டெசிபெல்லைத் தாண்டும். இதே வழியில் போனால் ஆயிரத்தில் ஒன்று என்ற கோடு ஓவர்சாம்பிளிங் இல்லாமல் சுமார் 10.4 டெசிபெல், ஓவர்சாம்பிளிங்கோடு சுமார் 10.8. சப்கேரியர்களை 1024 ஆக்கினால் 11.4-ம் 11.7-ம் வரும். இதற்குப் பக்கத்தில் வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள், நிரலில் எங்கோ பிழை. இன்னொன்றும் பாருங்கள்: 64-லிருந்து 1024-க்குப் போனதில் மோசமான நிலை 12 டெசிபெல் ஏறியது, ஆனால் நடைமுறை உச்சம் ஏறியது ஒரே ஒரு டெசிபெல்.

ஒரு சின்ன எச்சரிக்கை. நாம் அளப்பது பேஸ்பேண்டில், அதாவது கேரியர் அலையில் ஏற்றும் முன். கேரியர் அலையில் ஏற்றிய பிறகு நேரடியாக அளந்தால் 3 டெசிபெல் கூடுதலாகக் காட்டும். இரண்டு கட்டுரைகளின் எண்களை ஒப்பிடும்போது இதைக் கவனிக்காமல் விட்டால் தவறான முடிவுக்குப் போய்விடுவோம்.

வெட்டிப் பார்ப்பது

எல்லாவற்றிலும் எளிய முறை: ஓர் எல்லை வைத்து, அதைத் தாண்டுவதை வெட்டுவது. சராசரிக்கு 5 டெசிபெல் மேலே எல்லை என்று வைப்போம். சாம்பிளின் வீச்சு எல்லையைத் தாண்டினால், கோணத்தை அப்படியே விட்டு, நீளத்தை மட்டும் எல்லைக்குச் சுருக்குங்கள். மெய்ப்பகுதியைத் தனியாக, கற்பனைப் பகுதியைத் தனியாக வெட்டக் கூடாது. அப்படிச் செய்தால் கோணமும் கெட்டுச் சிதைவு வீணாகக் கூடும்.

5 டெசிபெல் எல்லையில் சுமார் 4 சதவீத சாம்பிள்கள் வெட்டுப்படும். சிதைவு எவ்வளவு? காஸியன் சிக்னலுக்கு இதைத் தாளிலேயே கணக்கிட்டுவிடலாம். வெட்டிய சிக்னல் என்பது கொஞ்சம் சுருங்கிய மூல சிக்னலும், அதனோடு தொடர்பில்லாத ஓர் இரைச்சலும் சேர்ந்தது. எல்லை 6 டெசிபெல் என்றால் அந்த இரைச்சல் சிக்னல் வீச்சில் சுமார் 4 சதவீதம். 5 டெசிபெல்லில் 6.7. 3 டெசிபெல்லில் 13-ஐத் தாண்டிவிடும். எவ்வளவு வேகமாக மோசமாகிறது பாருங்கள். ஓவர்சாம்பிளிங்கோடு வெட்டினால் இதில் ஒரு பங்கு பட்டைக்கு வெளியே போய்விடும், அதனால் பட்டைக்குள் அளக்கும் பிழை இதைவிடக் கொஞ்சம் குறைவு. அளக்கும் முன் சிக்னல் சுருங்கியதைச் சரிசெய்யுங்கள். அந்தச் சுருக்கத்தை ரிசீவர் சேனலின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும், எனவே அதைப் பிழையில் சேர்ப்பது நியாயமில்லை.

இந்தப் பிழை அளவைத்தான் இவிஎம் என்கிறார்கள். இதற்குத் தரநிலைகளில் வரம்பு உண்டு. எல்டிஇ (4ஜி) அடிநிலையத்துக்கு, அதாவது கைபேசிக் கோபுரத்துக்கு, க்யூபிஎஸ்கே என்றால் 17.5 சதவீதம், 16-க்யூஏஎம் 12.5, 64-க்யூஏஎம் 8, 256-க்யூஏஎம் 3.5 (க்யூஏஎம்முக்கு முன்னால் உள்ள எண், ஒரு சப்கேரியரில் அனுப்பக்கூடிய வெவ்வேறு புள்ளிகளின் எண்ணிக்கை). இதில் வெட்டுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? பிழைகள் வர்க்கங்களாகத்தான் கூடும். 64-க்யூஏஎம்மில் வெட்டு மட்டுமே 6.7 சதவீதத்தை எடுத்துக்கொண்டால், ஆம்ப்ளிஃபையர், ஆசிலேட்டர் உட்பட மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது சுமார் 4.4 சதவீதம். 256-க்யூஏஎம்முக்கு 6 டெசிபெல் வெட்டுகூட ஆபத்தான இடத்தில் நிற்கிறது. க்யூபிஎஸ்கே மட்டும் அனுப்புபவருக்கோ 4 டெசிபெல்லுக்குக் கீழேகூட வெட்டத் துணிவு வரலாம்.

அடுத்து, பட்டைக்கு வெளியே சிந்தியதைத் துடைக்க வேண்டும். வெட்டிய 256 சாம்பிள்களை எஃப்எஃப்டி போட்டு, நம் 64 சப்கேரியர்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதி 192-ஐயும் பூஜ்யமாக்கி, மறுபடி ஐஎஃப்எஃப்டி. ஸ்பெக்ட்ரம் சுத்தமாகிவிடும். ஆனால் நேரப்பக்கம் பார்த்தால் வெட்டிய உச்சங்கள் மீண்டும் கொஞ்சம் முளைத்திருக்கும். மறுபடி வெட்டி, மறுபடி ஃபில்டர் செய்து, மூன்று நான்கு சுற்று ஓட்டினால் உச்சம் எல்லையை நோக்கி இறங்கும். ஜீன் ஆம்ஸ்ட்ராங் 2002-ல் எழுதிய மறுவெட்டு முறை இதுதான். ஒவ்வொரு சுற்றிலும் இவிஎம் ஏறுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். சுற்று எண்ணிக்கையை கிடை அச்சிலும், உச்சத்தையும் இவிஎம்மையும் நிலை அச்சிலும் போட்டு ஒரு படம் வரையுங்கள். எங்கே நிறுத்துவது என்று அதுவே சொல்லிவிடும்.

இந்த முறையில் ரிசீவர் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அதுதான் இதன் பெரிய பலம். அடிநிலையங்களில் உச்சத்தை அடக்கும் வேலையில் பெரும்பகுதி இதே குடும்பத்தைச் சேர்ந்தது. வெட்டுக்குப் பதில் உச்சம் இருக்கும் இடத்தில் ஒரு மென்மையான துடிப்பைக் கழிப்பார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

டோன் ரிசர்வேஷன்: தரவைத் தொடாமல் அடக்குவது

எனக்கு மிகவும் பிடித்த முறை இது. சில சப்கேரியர்களில் தரவு ஏற்றாமல் ஒதுக்கி வைக்கிறோம். ரிசீவர் அவற்றைக் கண்டுகொள்ளாது. அவற்றில் என்ன மதிப்பு வேண்டுமானாலும் போடும் சுதந்திரம் நமக்கு இருக்கிறது, அந்தச் சுதந்திரத்தை வைத்து உச்சத்துக்கு எதிரான அலையை உண்டாக்குகிறோம்.

செய்யும் விதம் இது. ஒதுக்கிய சப்கேரியர்களில் எல்லாம் 1, மற்றவற்றில் 0 போட்டு ஐஎஃப்எஃப்டி எடுங்கள். பூஜ்ய நேரத்தில் கூர்மையாக எழுந்து மற்ற இடங்களில் சிறிதாக அலையும் ஒரு துடிப்பு கிடைக்கும். அதன் உச்சம் 1 ஆகும்படி வகுத்துக்கொள்ளுங்கள். இனி, தரவு சிக்னலில் பெரிய உச்சம் எங்கே என்று தேடி, துடிப்பை அந்த இடத்துக்குச் சுழற்றி நகர்த்தி, எல்லையைத் தாண்டிய அளவால், அதே கோணத்தோடு பெருக்கிக் கழியுங்கள். நேரத்தில் சுழற்றி நகர்த்தினால் சப்கேரியரில் மாறுவது கோணம் மட்டுமே. ஒதுக்காத சப்கேரியர்களில் துடிப்புக்குப் பவரே இல்லை என்பதால் தரவு அப்படியே இருக்கும். அடுத்த உச்சத்தைத் தேடுங்கள், மறுபடி கழியுங்கள்.

இரண்டு விஷயங்களைக் கைப்பட மாற்றிப் பாருங்கள். ஒன்று, ஒதுக்கும் இடங்கள். அடுத்தடுத்து ஒதுக்கினால் துடிப்பு அகன்று, ஓர் உச்சத்தைக் கழிக்கப் போய்ப் பக்கத்தில் புதிது முளைக்கும். ஒழுங்கில்லாமல் சிதறி ஒதுக்கினால் துடிப்பு கூர்மையாக நிற்கும். இரண்டாவது, ஒதுக்கிய சப்கேரியர்களில் சேரும் பவர். அதுவும் ஆம்ப்ளிஃபையர் வழியாகத்தான் போகிறது, தரவுக்கு உதவாமல் போகிறது. அதற்கு ஒரு வரம்பு வையுங்கள். டிவிபி-டி2 ஒளிபரப்புத் தரநிலையில் இந்த முறைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். 32கே (32,768 புள்ளி எஃப்எஃப்டி) நிலையில் 27,265 சப்கேரியர்களில் 288 ஒதுக்கப்படுகின்றன, ஏறக்குறைய 1 சதவீதம். அதே தரநிலையில் கான்ஸ்டலேஷனின் (அனுப்பக்கூடிய எல்லாப் புள்ளிகளும் சேர்ந்த படத்தின்) வெளிப்புறப் புள்ளிகளை மேலும் வெளியே தள்ளி உச்சத்தைக் குறைக்கும் முறையும் உண்டு. அது க்யூபிஎஸ்கே போன்ற சிறிய கான்ஸ்டலேஷனில் நன்றாக உதவும். 256-க்யூஏஎம்மில் வெளிப்புறப் புள்ளிகளின் பங்கு குறைவு, அதனால் பலனும் குறைவு.

பல நகல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது

எட்டு சப்கேரியர் கணக்கை நினைவில் வையுங்கள். கோணங்களை மாற்றினால் உச்சம் மாறுகிறது. அப்படியானால் ஒரே தரவைப் பல்வேறு கோண வரிசைகளால் பெருக்கி, பல நகல்கள் செய்து, உச்சம் குறைந்ததை அனுப்பலாமே! 1996-ல் பாய்ம்ல், ஃபிஷர், ஹூபர் மூவரும் முன்வைத்த எஸ்எல்எம் முறை இது. சிதைவு துளியும் இல்லை.

பலனை முன்கூட்டியே கணிக்கலாம். எல்லா நகல்களும் ஒரே நேரத்தில் மோசமாக இருந்தால்தான் மாட்டிக்கொள்வோம், எனவே நிகழ்தகவுகள் பெருக்கப்படும். 64 சப்கேரியருக்கு, ஓவர்சாம்பிளிங் இல்லாத கணக்கில், ஆயிரத்தில் ஒன்று என்ற கோடு 10.4 டெசிபெல்லில் இருந்தது. 4 நகல் என்றால் 7.6. 8 நகல் என்றால் 6.8. 16 நகல் என்றால் 6.1. முதல் நான்கில் கிட்டத்தட்ட 3 டெசிபெல் கிடைக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் ஒரு டெசிபெல்கூடத் தேறவில்லை, ஐஎஃப்எஃப்டி வேலையோ இரட்டிப்பாகிறது. 4-லோ 8-லோ நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

எந்த நகலை அனுப்பினோம் என்று ரிசீவருக்குச் சொல்ல வேண்டும். 8 நகலுக்கு 3 பிட். சின்ன எண்தான், ஆனால் அந்த 3 பிட்டுகள் தவறினால் சிம்பல் முழுக்கப் பாழ். நன்றாகப் பாதுகாத்து அனுப்ப வேண்டும். சப்கேரியர்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கோணம் தேடும் பிடிஎஸ் என்ற தம்பி முறையும் உண்டு. 4 குழு, 4 கோணம் என்றால் 64 தேர்வுகள், 8 குழு என்றால் 16,384. எல்லாவற்றையும் தேடுவது நடக்காது, தேடலைச் சுருக்க வேண்டும். தரநிலை ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்ட அமைப்பில் இந்த இரண்டையும் நுழைப்பது கடினம். ரிசீவரும் உங்கள் கையில் இருக்கும்போது யோசியுங்கள்.

கைபேசிப் பக்கம்

பேட்டரியில் ஓடும் கருவிக்கு இன்னொரு பாதை இருக்கிறது. தரவை ஐஎஃப்எஃப்டிக்கு அனுப்பும் முன் ஒரு டிஎஃப்டி (எஃப்எஃப்டி செய்யும் அதே கணக்கு) வழியாகச் செலுத்தினால், வெளிவரும் சிக்னல் ஒற்றைக் கேரியர் சிக்னலைப் போல் நடந்துகொள்ளும். க்யூபிஎஸ்கேயில் உச்சம் சாதாரண ஓஎஃப்டிஎம்மைவிடச் சுமார் 2 முதல் 3 டெசிபெல் இறங்கும். எல்டிஇயில் கைபேசியிலிருந்து அடிநிலையத்துக்குப் போகும் திசையில் இந்த முறைதான். 5ஜியில் இரண்டுக்கும் இடமுண்டு, சிக்னல் பலவீனமான இடங்களில் இது கைகொடுக்கிறது. நீங்கள் புதிதாக ஓர் அமைப்பை வடிவமைப்பவர் என்றால், மேலே சொன்ன வெட்டு வேலைகளுக்கு முன்பே இதைப் பரிசீலியுங்கள்.

டிஜிட்டல் ப்ரீடிஸ்டார்ஷன் பற்றியும் கேள்வி வரும். அது சிக்னலை முன்கூட்டியே எதிர்த்திசையில் வளைத்து ஆம்ப்ளிஃபையரின் வளைவை நிமிர்த்துகிறது, உச்சத்தைக் குறைப்பதில்லை. உச்சவரம்புக்கு மேலே போன சிக்னலை அதனால் காப்பாற்ற முடியாது. முதலில் உச்சத்தை அடக்கி, அடுத்து ப்ரீடிஸ்டார்ஷன் என்ற வரிசையில்தான் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

கடைசிச் சோதனை: ஆம்ப்ளிஃபையர் வழியாக

பிஏபிஆர் வளைவு இடப்பக்கம் நகர்ந்ததும் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடாதீர்கள். சிக்னலை ஓர் ஆம்ப்ளிஃபையர் மாதிரி வழியாகச் செலுத்துங்கள். திடநிலை ஆம்ப்ளிஃபையருக்கு ராப் மாதிரி போதும்: உள்வீச்சை உச்சவரம்பால் வகுத்து வரும் எண்ணை 2பி அடுக்குக்கு உயர்த்தி, 1 கூட்டி, 2பி-ஆம் மூலம் எடுத்து, அதனால் உள்வீச்சை வகுத்தால் வெளிவீச்சு. பி-க்கு 2 அல்லது 3 போட்டுத் தொடங்குங்கள். ப்ரீடிஸ்டார்ஷன் உள்ள ஆம்ப்ளிஃபையரைப் போல் வேண்டுமானால் பி-யை 10-க்கு மேல் வையுங்கள்.

முதலில் எந்த முறையும் இல்லாமல், பேக்-ஆஃபை 12 டெசிபெல்லில் தொடங்கி அரை அரை டெசிபெல்லாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இவிஎம் அல்லது பக்கத்துச் சேனலில் சிந்தும் பவர், இரண்டில் ஒன்று வரம்பை மீறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்டிஇயில் பக்கத்துச் சேனல் பவர் அடிநிலையத்துக்கு 45 டெசிபெல்லும், கைபேசிக்கு 30 டெசிபெல்லும் கீழே இருக்க வேண்டும். அடுத்து உங்கள் முறையைச் சேர்த்து அதே ஓட்டம். வெட்டியதால் சராசரிப் பவர் கொஞ்சம் இறங்கியிருக்கும், 5 டெசிபெல் எல்லையில் சுமார் 0.2 டெசிபெல். அதை ஈடுகட்டிய பிறகே ஒப்பிடுங்கள். டோன் ரிசர்வேஷன் என்றால் ஒதுக்கிய சப்கேரியர்களில் போன பவரைக் கழித்து, தரவுக்குப் போனதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

இரண்டு ஓட்டத்திலும் குறித்த பேக்-ஆஃபுகளின் வித்தியாசம்தான் உங்கள் முறை உண்மையில் சம்பாதித்தது. பிஏபிஆர் வளைவில் 4 டெசிபெல் காட்டிய முறை இங்கே 1.5 டெசிபெல் மட்டும் தரலாம். அப்படி வந்தால் எது முதலில் வரம்பை மீறியது என்று பாருங்கள். இவிஎம் என்றால் வெட்டு எல்லையை அரை டெசிபெல் உயர்த்தி மறுபடி ஓட்டுங்கள். பக்கத்துச் சேனல் என்றால் ஃபில்டருக்குப் பிறகு மீண்டும் முளைத்த உச்சங்களைத் தேடுங்கள், இன்னொரு சுற்று வெட்டு அங்கே தேவைப்படும்.